நெறியாளருக்கும் பயிற்சி வேண்டும்

முனைவர் பட்ட ஆய்வு, ஒரு காலத்தில் பல்கலைக்கழக வளாகங்களுக்குள் மட்டுமே நிகழ்ந்தது. இன்று அது முதுகலை வகுப்புகள் நடைபெறும் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளுக்கும் வந்திருக்கிறது. துறையின் பெயர்ப்பலகையில் 'தமிழாய்வுத் துறை' என்று எழுதப்பெறுவது அத்துறைக்கு மட்டுமன்றி அந்த ஊருக்கே பெருமை தருவதாகும். அப்பெருமையோடு ஒரு பொறுப்பும் உடன் வருகிறது. நேற்றுவரை வகுப்பறையில் பாடம் சொல்லிய ஆசிரியர், பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஓர் ஆணையால் இன்று நெறியாளர் ஆகிவிடுகிறார். ஓர் இளைஞரின் மூன்றாண்டுக் காலம், பலபோது ஆறாண்டுக் காலம், அவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. அப்பணியை அவர் எங்கே பயின்றார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

அவர் முனைவர் பட்டம் பெற்றவர்; கட்டுரைகள் வெளியிட்டவர். ஆய்வு செய்யத் தெரிந்தவருக்கு ஆய்வு செய்விக்கவும் தெரிந்திருக்கும் என்று நாம் கொண்டுவிடுகிறோம். இக்கொள்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

நம் மரபில் ஆசிரியர் இலக்கணத்துக்குக் குறைவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் இயல்பையும் பாடம் சொல்லும் முறையையும் மாணாக்கர் இயல்பையும் பாடம் கேட்கும் முறையையும் தனித்தனியே வகுத்துரைக்கிறது. நல்லாசிரியருக்கு உவமை சொன்னதோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகளை அந்நூல் தருகிறது. கழற்காய்களை இட்டு நிரப்பிய குடம், இட்ட வரிசையில் அவற்றைத் திருப்பித் தராது. மடல் சூழ்ந்த பனை, அண்டி வருவோரை ஏறவிடாது. கனி தானே விழுந்தால்தான் உண்டு. பஞ்சு திணித்த குடுக்கை, சிறிது சிறிதாகத்தான் கொடுக்கும். வளைந்த தென்னை, நீர் வார்த்தவர் தோட்டத்தில் நின்றுகொண்டு அயலார் தோட்டத்தில் காயை உதிர்க்கும். இவ்வுவமைகளைப் படிக்கும் ஆய்வு மாணவர்கள் தமக்குள் சிரித்துக்கொள்வார்கள். எழுதிக் கொடுத்த இயல் எட்டு மாதமாக நெறியாளரின் மேசையிலேயே கிடக்கும்போது பனைமரம் நினைவுக்கு வராமல் போகாது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நன்னூல் கூறுவது, ஆசிரியர் முன்பே அறிந்த நூலை மாணாக்கருக்கு வழங்கும் முறை. ஆய்வு அத்தன்மையதன்று. ஆய்வுப் பொருளின் முடிவை மாணவரும் அறியார், நெறியாளரும் அறியார். அறிந்ததை வழங்குவது ஒரு திறம். தாமும் அறியாத இடத்துக்கு மற்றொருவரைத் துணிவோடு அனுப்பி, வழிதவறாமல் பார்த்துக்கொள்வது வேறொரு திறம். உ.வே. சாமிநாதையர் 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். அவ்வளவு பெரிய ஆசிரியரிடம் பயின்றும், சேலம் இராமசுவாமி முதலியார் 1880இல் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீரா என்று கேட்டபோது, அந்நூல் அவர் பாடம் கேட்டிராத நூலாகவே இருந்தது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுதல், விளங்காத சொற்களுக்காகச் சமணப் பெரியோர்களை நாடிச் செல்லுதல் என்று அவர் தாமே வழி கண்டு 1887இல் அதனைப் பதிப்பித்தார். அத்தகைய மேதை தமக்குத் தாமே நெறியாளர் ஆனார். ஆண்டுதோறும் ஆய்வுக்குப் பதிவு செய்யும் எல்லோரிடமும் அதனை எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

விதிகள் எண்ணுவதும் எண்ணாததும்

பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்டத்துக்கான குறைந்தபட்சத் தரவிதிகளை 2009இல் வெளியிட்டது. 2016இலும் 2022இலும் அவற்றைப் புதுக்கியது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே காலத்தில் பேராசிரியர் 8 பேரையும் இணைப்பேராசிரியர் 6 பேரையும் உதவிப்பேராசிரியர் 4 பேரையும் நெறிப்படுத்தலாம். பேராசிரியரும் இணைப்பேராசிரியரும் முனைவர் பட்டத்தோடு, தரமதிப்பீடு செய்யப்பெற்ற இதழ்களில் குறைந்தது 5 கட்டுரைகள் வெளியிட்டிருத்தல் வேண்டும். உதவிப்பேராசிரியருக்கு 3 கட்டுரைகளும் ஐந்தாண்டுக் கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவமும் வேண்டும். ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை ஏற்கலாகாது. இவை யாவும் தேவையான விதிகளே.

மாணவர் பக்கம் நோக்குவோம். அவர் நுழைவுத் தேர்விலும் நேர்காணலிலும் தேற வேண்டும். குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பயிற்சிப் பாடங்கள் படிக்க வேண்டும். ஆய்வு நெறிமுறையும் வெளியீட்டு அறமும் கற்பிக்கும் தனிப்பாடம் 2019இல் அறிவிக்கப்பட்டு அவருக்குக் கட்டாயமாயிற்று. பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிவுரைக் குழுவின் முன் நின்று தம் வளர்ச்சியைக் காட்ட வேண்டும். 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, அவருடைய ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துவரும் பகுதி 10 விழுக்காட்டைக் கடந்தால் தண்டனை தொடங்குகிறது. 60 விழுக்காட்டைக் கடந்தால் பதிவே நீக்கப்படும்.

மாணவருக்கு இத்தனை பயிற்சியும் கண்காணிப்பும் உண்டு. நெறியாளருக்கோ எண்ணிக்கை மட்டுமே உண்டு. எத்தனை கட்டுரை, எத்தனை ஆண்டு, எத்தனை மாணவர் என்று அவ்விதிகள் எண்ணுகின்றன. நெறிப்படுத்தலில் அவர் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதி அவற்றுள் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கல்லூரி ஆசிரியர்களுக்காகப் பயிற்சிக் கல்லூரிகள் தோன்றின. புத்தறிமுகப் பயிற்சி, புத்தொளிப் பயிற்சி என்று சென்று வந்த ஆசிரியர்கள் நம்மிடையே பலர். அந்நிறுவனங்கள் பின்னர்ப் பெயர் மாறின. 2023 முதல் மாளவியா பெயரில் இயங்குகின்றன. பாடப்பொருளையும் கற்பிக்கும் முறையையும் சார்ந்தே அவற்றின் திட்டங்கள் பெரும்பாலும் அமைந்துள்ளன. ஒரு மாணவரைப் பதிவு நாள் முதல் வாய்மொழித் தேர்வு நாள் வரை அழைத்துச் செல்லும் கலைக்கு அங்கே தனியிடம் கிடைப்பது அரிது.

ஆதலின் நெறியாளர் எதனைப் பின்பற்றுகிறார்? தம்மை நெறிப்படுத்தியவரைப் பின்பற்றுகிறார். தம் நெறியாளர் கண்டிப்பானவராயின் தாமும் கண்டிப்பாக இருக்கிறார். அல்லது அக்கண்டிப்பில் மனம் புண்பட்டவராயின் எதையும் கேளாத பெருந்தன்மையராகிவிடுகிறார். இரண்டும் சிந்தித்துத் தேர்ந்த முறையல்ல, பழக்கத்தின் விளைவே. 1948இல் மு.வரதராசனார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற காலத்தில் தமிழில் அப்பட்டம் பெற்றோர் அரியர். நெறியாளரும் மாணவரும் நாள்தோறும் ஒரே துறையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த அச்சிறு வட்டத்துக்கு உடனுறைந்து கற்றலே போதுமானதாக இருந்திருக்கலாம். இன்றோ, பகுதி நேரமாகப் பதிவு செய்து, வேறோர் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டு, மாதம் ஒருமுறை பேருந்தேறி வரும் மாணவரே மிகுதி. உடனுறைதலுக்கு அங்கே வழியில்லை. முறை ஒன்று வேண்டியிருக்கிறது.

பிற நாட்டார் கண்ட வழி

இக்குறையைப் பிற நாட்டவர் முன்பே உணர்ந்தனர். பிரிட்டனில் உயர்கல்வித் தர உறுதி நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வுப் பட்ட நெறிமுறையில், புதிய நெறியாளர்கள் பயிற்சி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும் என்னும் கருத்து இடம்பெற்றது. அந்நாட்டு முதுநிலைக் கல்வி மன்றம், நல்ல நெறிப்படுத்தலின் கூறுகளைப் பத்தாகப் பகுத்து, அவற்றின் அடிப்படையில் நெறியாளர்களுக்கு அங்கீகாரம் வழங்கும் திட்டம் ஒன்றையும் நடத்துகிறது. மாணவரைத் தேர்ந்தெடுத்தல், இணை நெறியாளரோடு ஒத்துழைத்தல், எழுதத் தூண்டிக் கருத்துரைத்தல், தேர்வுக்கு ஆயத்தம் செய்தல் முதலியவற்றோடு, தம் பணியைத் தாமே திரும்பிப் பார்த்தலும் அப்பத்தில் ஒன்று. ஸ்வீடன் நாட்டிலோ, ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தது இரண்டு நெறியாளர் இருத்தல் வேண்டும் என்பது உயர்கல்விச் சட்டவிதி. ஒவ்வொருவருக்கும் எழுத்து வடிவிலான தனி ஆய்வுத் திட்டம் உண்டு. அது காலந்தோறும் சரிபார்க்கப்படும். நெறியாளரை மாற்றிக்கொள்ள மாணவர் விரும்பிக் கேட்டால், மாற்றித் தர வேண்டும். நெறியாளர் பயிற்சி வகுப்புகள் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் வழக்கமான ஒன்று.

ஸ்வீடன் வசதி மிக்க நாடு; அங்கே முனைவர் பட்ட மாணவர் பலர் ஊதியம் பெறும் பணியாளராகவே கருதப்படுகின்றனர். அந்நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது. ஆனால் அப்பயிற்சி வகுப்புகளில் பயன்படும் கருவிகள் சில காசு செலவில்லாதவை. அவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாகக் கூறல் பொருந்தும்.

ஆஸ்திரேலியாவில் இங்ரிட் மோசஸ் என்னும் கல்வியாளர் உருவாக்கிய வினாத்தாள் அது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் கைலியும் கேட் கேட்மனும் பின்னர் அதனைத் திருத்தியமைத்தனர். ஒரே தாள்தான். அதில் எதிரெதிரான இரண்டு கூற்றுகள் இரு ஓரங்களில் இருக்கும்; இடையில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது நெறியாளரின் பொறுப்பு என்பது ஓர் ஓரம். மாணவரின் பொறுப்பு என்பது மறு ஓரம். சந்திப்புக்கு நாள் குறிப்பது யார்? ஒவ்வொரு வரைவையும் நெறியாளர் பார்க்க வேண்டுமா, மாணவர் கேட்கும்போது மட்டும் பார்த்தால் போதுமா? எழுதுவதில் இடர்ப்பட்டால் நெறியாளர் கைகொடுக்க வேண்டுமா, அல்லது எழுத்து முற்றிலும் மாணவருடையதா? இவ்வாறு சில வினாக்கள். நெறியாளரும் மாணவரும் தனித்தனியே எண்களைச் சுழித்துவிட்டுப் பின்னர் இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சரியான விடை என்று எதுவும் இல்லை. இருவர் எண்ணும் எங்கே பெரிதும் வேறுபடுகிறதோ, அங்கே பேச்சு தொடங்க வேண்டும் என்பதே நோக்கம்.

நம் சூழலில் இது மிகவும் பயன்படும் என்பது நம் கருத்து. இங்கே மாணவர் நெறியாளரை 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் அழைக்கிறார். அம்மரியாதை நல்லது, போற்றத்தக்கது. ஆனால் அம்மரியாதையின் காரணமாகவே அவர் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. 'ஐயா அழைப்பார்' என்று மாணவர் காத்திருக்கிறார். 'எழுதியிருந்தால் வந்திருப்பானே' என்று ஐயா காத்திருக்கிறார். ஓராண்டு இப்படியே கழிந்துவிடுகிறது. இருவர்மேலும் குற்றமில்லை, எதிர்பார்ப்பு மட்டும் சொல்லப்படவில்லை. வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறவர் ஒரு தாளில் எண்ணைச் சுழித்துக் காட்டத் தயங்கமாட்டார்.

ஆன் லீ என்னும் ஆய்வாளர் 2008இல் நெறிப்படுத்தும் போக்குகளை ஐந்தாகப் பகுத்தார். வேலையைத் திட்டமிட்டு முடிக்கச் செய்தல், மாணவரைத் துறையின் மரபுக்குள் பழக்குதல், வினாவி வினாவிச் சிந்திக்கச் செய்தல், தம் காலில் தாம் நிற்க விடுதல், நல்லுறவைப் பேணுதல் என்பன அவை. எந்த நெறியாளரும் இவற்றுள் ஒன்றில் வலியராகவும் மற்றொன்றில் மெலியராகவும் இருப்பார். நம் தமிழ்த்துறைகளில் மரபுக்குள் பழக்குதலும் நல்லுறவும் செழித்திருக்கின்றன. வினாவுதல் மட்டும் குன்றியிருக்கிறது. இதைச் சொல்வதில் நாம் யாரையும் குறை கூறவில்லை. ஆய்வேடுகளின் பட்டியலைப் பார்ப்போர் இதனைத் தாமே உணர்வர்.

தலைப்பும் திருத்தமும்

பயிற்சியின்மை முதலில் வெளிப்படும் இடம் தலைப்பு. ஒரு நாவலாசிரியரின் பெயரை முன்னே இட்டு, 'படைப்புகளில் சமுதாயச் சிந்தனைகள்' என்று பின்னே சேர்த்தால் ஒரு தலைப்பு ஆயிற்று. பெயரை மாற்றினால் மற்றொரு தலைப்பு. இத்தகைய ஏடுகளின் இயல்களும் வார்ப்பில் எடுத்தவை போலவே அமையும்: ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், பாத்திரங்கள், மொழிநடை, முடிவுரை. ஆய்வு வினா எங்கே என்று தேடினால் கிடைக்காது. இதற்கு மாணவரை நோவதில் பயனில்லை. 'இதுவரை யாரும் விடை காணாத எதனை நீ கேட்கப் போகிறாய்?' என்னும் ஒரு கேள்வியைப் பதிவுக்கு முன் மூன்று மாதம் விடாமல் கேட்கும் பொறுமை நெறியாளருக்கு வேண்டும். அப்பொறுமை ஒரு பயிற்சி. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தொகுப்பில் நாடெங்கும் ஏற்கப்பெற்ற ஆய்வேடுகள் மின்வடிவில் கிடைக்கின்றன. தலைப்பு உறுதியாகும் முன்னர் நெறியாளரும் மாணவரும் ஒரு முற்பகல் சேர்ந்து அமர்ந்து அதில் தேடிப் பார்த்தாலே, கூறியது கூறல் பாதி குறைந்துவிடும்.

கேள்வி கேட்டல் என்பதன் ஆற்றலுக்குத் தமிழாய்வு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஈழத்து அறிஞர் க.கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகக் கவிதையாக நோக்கிய அவ்வாய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக நூலுருப் பெற்றது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய கா.சிவத்தம்பியின் ஆய்வும் அதே தாம்சனிடம் நிகழ்ந்தது. தாம்சன் கிரேக்கப் பேராசிரியர். தமிழ் அவருடைய துறையன்று. பாடலுக்குப் பொருள் சொல்லும் இடத்தில் மாணவரே அவருக்கு ஆசிரியராக இருந்திருப்பர். ஆயினும் கிரேக்கக் காப்பியத்தையும் நாடகத்தையும் சமூக வரலாற்றோடு இணைத்து வினாவிய பயிற்சி அவரிடம் இருந்தது. அவ்வினாக்களைத் தமிழுக்கும் கேட்கலாம் என்று மாணவர்கள் கண்டனர். இதனால் நெறியாளருக்குப் பாட அறிவு வேண்டுவதில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. பாட அறிவு மட்டும் போதாது என்பதே இதனால் பெறப்படும். அம்முடிவுகளை ஏற்காத அறிஞரும் உளர். ஆனால் மறுப்பவரும் அந்நூல்களைக் கடந்து செல்ல முடிவதில்லை.

அடுத்த இடம் திருத்தம். மாணவர் தம் முதல் இயலை நடுக்கத்தோடு கொண்டுவந்து தருகிறார். சில வாரங்கள் கழித்துத் திரும்ப வருகிறது. பக்கம் முழுதும் சிவப்பு மை. வல்லினம் மிகுமிடம், மிகாவிடம், 'ஓர்' வர வேண்டிய இடத்தில் 'ஒரு', மயங்கிய லகர ளகரம் என்று எல்லாம் திருத்தப்பட்டிருக்கும். தமிழாசிரியரின் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றுப்பிழையே, அது தொழிற்பழக்கம். ஆனால் மூன்றாம் பக்கத்தில் கூறிய கருத்துக்கும் இருபதாம் பக்கத்தில் கூறியதற்கும் முரண் இருப்பது குறிக்கப்பட்டிராது. மேற்கோள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டு, மாணவரின் சொந்தக் கருத்து எங்கும் இல்லாதிருப்பது சுட்டப்பட்டிராது. அம்மாணவர் ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, அதே இயலை அப்படியே தட்டச்சு செய்து கொண்டுவருவார். தாம் செய்ய வேண்டியது அவ்வளவே என்று எண்ணிக்கொள்வார். அவ்வெண்ணத்தை உண்டாக்கியது சிவப்பு மை.

முதல் வரைவில் கருத்தை மட்டும் பார்ப்பது, ஒற்றைக் கடைசி வரைவுக்கு ஒத்திவைப்பது, நிறைவாக உள்ள ஒன்றையும் மாற்ற வேண்டிய இரண்டு மூன்றையும் மட்டும் எழுதித் தருவது, எழுத்தைப் பெற்ற நாளிலேயே எந்த நாளில் திருப்பித் தருவோம் என்று சொல்லிவிடுவது ஆகியவை கற்றுக்கொள்ளக் கூடிய பழக்கங்கள். இவற்றுக்கு மேதைமை வேண்டியதில்லை. எழுத்தை முதலாண்டிலேயே தொடங்கச் செய்வதும் அத்தகைய பழக்கமே. தரவுகளை எல்லாம் திரட்டிய பின் எழுதலாம் என்று விடப்பட்ட மாணவர்கள், ஐந்தாம் ஆண்டில் அட்டைப்பெட்டி நிறையக் குறிப்புகளோடு ஒரு வரியும் எழுத வராமல் அமர்ந்திருப்பதைத் துறைகள் அறியும்.

பாதியில் நின்றுபோவோர்

ஆய்வைப் பாதியில் விட்டவர்கள் மலர்களில் இடம்பெறுவதில்லை. பட்டம் பெற்றோரின் பட்டியலும் படமும் அச்சாகின்றன. விட்டவரின் பெயர் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. அவர்களுள் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் உண்டு. ஆய்வேடு என்றால் என்ன என்று வீட்டில் கேட்டறிய ஒருவரும் இல்லாத அவர்களுக்கு, நெறியாளர் ஒருவரே அவ்வுலகத்துக்கு வாயில். வாயில் மூடியிருந்தால் அவர்கள் கதவைத் தட்டுவதில்லை, திரும்பிப் போய்விடுகிறார்கள். 'அவனுக்கு ஆர்வம் இல்லை' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

பெண் ஆய்வாளர்களின் நிலையைத் தனியே எண்ண வேண்டும். பதிவு செய்தபின் திருமணம், ஊர் மாற்றம், மகப்பேறு என்று வரும்போது ஆய்வு தானாகவே முடிந்துவிட்டதாகக் குடும்பமும் துறையும் கருதிவிடுகின்றன. விதிகள் அவ்வாறு கருதவில்லை. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் வழங்கலாம் என்று 2022ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள்கள் வரை விடுப்புப் பெறலாம். திருமணத்தால் ஊர் மாறும் பெண் ஆய்வாளர், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தம் ஆய்வை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லவும் இடமுண்டு. இவ்விதிகளை அறியாத நெறியாளரிடம் பதிவு செய்த பெண், தமக்கு உரிமை உண்டென்பதை அறியாமலேயே ஆய்வைக் கைவிடுகிறார். விதிகளை வாசித்துக் காட்டும் ஒரு மணி நேர வகுப்புக்கூட ஒரு பட்டத்தைக் காப்பாற்றக் கூடும். பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் இதனை அறிந்திருப்பது நலம்.

கசப்பான மற்றொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் முறையில் நெறியாளர் வழிகாட்டியாகவும் இருக்கிறார். ஆய்வேட்டை மதிப்பிடுவோருள் ஒருவராகவும் இருக்கிறார். வாய்மொழித் தேர்விலும் புறத்தேர்வாளரோடு அமர்கிறார். பின்னாளில் வேலைக்குப் பரிந்துரைப்பவரும் அவரே. இத்தனை அதிகாரமும் ஒருவரிடம் குவிந்திருக்கும்போது, மாணவர் 'முடியாது' என்று சொல்ல இயலாதவர் ஆகிறார். சொந்த வேலைகளுக்கு மாணவரை ஏவுதல், அவர் எழுதிய கட்டுரையில் உழைக்காதவர் பெயர் முன்னே வருதல், வாய்மொழித் தேர்வு நாளில் விருந்துக்கும் பொன்னாடைக்கும் கடன் வாங்கச் செய்தல் ஆகியவை அங்கங்கே வழக்கமென்றே ஏற்கப்பட்டுவிட்டன. இவற்றைச் செய்வோர் எல்லோரும் தீயோரல்லர். தாமும் அவ்வாறே செய்து வந்தோம் என்று நினைப்போர் பலர். எங்கே எல்லைக்கோடு என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லப்பட வேண்டியது இதுதான். சந்திப்புகளைத் துறை அலுவல் நேரத்தில், துறையிலேயே வைத்துக்கொள்வதும், பேசியதை மூன்று வரியில் எழுதி இருவரும் கையொப்பமிடுவதும் இரு தரப்புக்கும் காப்பு.

நம்மால் தொடங்கக் கூடியது

மானியக் குழுவின் ஆணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆணை வந்தால் அதோடு ஒரு சான்றிதழும் வரும். சான்றிதழ் வந்தால் பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்க மற்றொரு தாள் கிடைத்ததென்று பயிற்சியே மறைந்துபோகும் அச்சமும் நமக்கு உண்டு. சிறிய அளவில், துறையளவில் தொடங்குவதே நன்று.

புதிதாக நெறியாளர் தகுதி பெற்ற ஆசிரியர், முதல் மாணவரைத் தனியே ஏற்பதற்கு முன்னர், மூத்த நெறியாளர் ஒருவரோடு இணை நெறியாளராக இருந்து பழகலாம். இணை நெறியாளரை அனுமதி பெற்று அமர்த்திக்கொள்ள விதிகளில் இடமிருக்கிறது. வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் அமர்த்தலாம். சில ஆய்வுகளுக்கு இது தவிர்க்க முடியாத தேவையுமாகும். அரபு எழுத்தில் எழுதப்பெற்ற அறபுத்தமிழ் நூல்களை ஒரு மாணவர் ஆராயப் புகுந்தால், தமிழ்த்துறை நெறியாளர் ஒருவரால் மட்டும் அவரைக் கரை சேர்க்க இயலாது. அரபுத்துறை ஆசிரியர் ஒருவரும் உடன் வேண்டும். ஒரே கல்லூரியில் இரு துறைகளும் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்தும் ஒன்றையொன்று நாடாதிருப்பது வியப்பே.

ஆய்வு அறிவுரைக் குழுவின் கூட்டத்தையும் பயிற்சியாக்கலாம். இப்பொழுது அது பெரும்பாலும் கையொப்பம் இடும் கூட்டம். மாணவர் பத்து நிமிடம் பேசுகிறார், தேநீர் வருகிறது, 'வளர்ச்சி நிறைவளிக்கிறது' என்று எழுதப்படுகிறது. அக்கூட்டத்தின் கடைசி அரைமணி நேரத்தில் மாணவரை வெளியே அனுப்பிவிட்டு, 'இம்மாணவருக்கு நெறியாளராகிய நாம் அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்யப் போகிறோம்?' என்று ஆசிரியர்கள் தமக்குள் பேசிக்கொள்ளலாம். கூட்டத்தில் மாணவர் இல்லாத நெறியாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும்; புதியவர் கற்பதும் அங்கேதான்.

ஆண்டுக்கு இரண்டு நாள் பட்டறை ஒன்றும் வேண்டும். அதற்கு வெளியூர்ப் பேச்சாளரோ வாழ்த்துரையோ தேவையில்லை. முன்பே பட்டம் பெற்றுவிட்ட ஒருவரின் இசைவோடு, அவருடைய முதல் வரைவிலிருந்து பத்துப் பக்கங்களைப் பெயர் நீக்கிப் படியெடுத்து, துறையின் நெறியாளர் அனைவருக்கும் தர வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் இருந்து திருத்திக் கொண்டுவர வேண்டும். மறுநாள் எல்லாப் படிகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால், ஒரே பத்துப் பக்கங்கள் எத்தனை வகையாகத் திருத்தப்பட்டிருக்கின்றன என்பது தெரியும். ஒருவர் ஒற்றை மட்டும் பார்த்திருப்பார். ஒருவர் பாதியைத் தாமே மாற்றி எழுதியிருப்பார். ஒருவர் ஓரத்தில் 'ஏன்?' என்று ஒரே சொல்லை ஏழு இடங்களில் எழுதியிருப்பார். பிறகு, அப்பக்கங்களை எழுதியவரையே அழைத்து, இவற்றுள் எந்தப் படி அன்று தமக்குக் கிடைத்திருந்தால் ஆய்வு விரைந்திருக்கும் என்று கேட்கலாம்.